பாதிரியார் ஆகாத அசிசி பிரான்சிஸ்: 800 ஆண்டுகளாகத் தொடரும் ஒரு கேள்வி

2022 மே 18-ஆம் தேதி வாடிகனில் இருந்து ஒரு சின்ன உத்தரவு வெளியானது. பாதிரியார்களின் சபைகளாகக் கருதப்படும் துறவற சபைகளில், குருப்பட்டம் பெறாத ஒரு பிரதரும் இனி தலைமைப் பொறுப்புக்கு வரலாம், அதற்கு வாடிகன் அனுமதி கொடுக்கும் என்பதுதான் அதன் சாரம். அன்றைய தலைப்புச் செய்திகளில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் பிரான்சிஸ்கன் சபைகளில் இருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பல பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டு வந்தது இது. ஏறத்தாழ 780 ஆண்டுகளுக்கு முன்னால் அவர்களே கைவிட்ட ஒன்றும்கூட.

கதை ஆரம்பிப்பது இத்தாலியின் அசிசி நகரத்துத் துணி வியாபாரி ஒருவரின் மகனிடம். 1226 அக்டோபர் 3-ஆம் தேதி இறந்தார் அவர். உலகம் முழுக்கப் பறவைகளோடு பேசிய புனிதராக, கிறிஸ்துமஸ் குடிலைப் பிரபலமாக்கியவராக அவரைத் தெரியும். பாதிரியாரும் சாதாரண ஆளும் ஒரே பாயில் உட்காரும் ஒரு சபையை நடத்திப் பார்த்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஃபாதர், பிரதர்: என்ன வித்தியாசம்?

ஃபாதர், பிரதர், சிஸ்டர் மூன்றும் நமக்குப் பழகிய வார்த்தைகள்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இன்னும் நெருக்கமானவை. ஆனால் என்ன வித்தியாசம்னு கேட்டால் பலரும் தடுமாறுவார்கள்.

ஃபாதர் என்பவர் குருப்பட்டம் பெற்றவர். பூசை வைக்கலாம், பாவசங்கீர்த்தனம் கேட்கலாம். பிரதர் என்பவரும் துறவிதான். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று அதே மூன்று வாக்குறுதிகளைக் கொடுத்தவர். ஆனால் குருப்பட்டம் பெறவில்லை, பெறும் எண்ணமும் இல்லை. (குருமடத்தில் படிக்கும் மாணவரையும் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே பேசுவது அவர்களைப் பற்றி அல்ல.) குருப்பட்டம் இல்லாதவர்களைத் திருச்சபை பொதுநிலையினர் என்கிறது. குடும்பம், வேலை என்று வாழும் கோடிக்கணக்கான கத்தோலிக்கர்கள் இந்த வகை. சட்டப்படி பார்த்தால் பிரதர்களும் சிஸ்டர்களும் இதற்குள்தான் வருவார்கள்.

ஒரு துறவற சபையில் ஃபாதரும் பிரதரும் சேர்ந்து வாழும்போது யார் யாருக்குத் தலைவராக இருக்கலாம்? குடும்பஸ்தர்களுக்கு அந்தச் சபையில் என்ன இடம்? பிரான்சிஸின் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டு கேள்விகளும் ஓடுகின்றன.

துணிக்கடைக்காரர் மகன்

1181-லோ 1182-லோ பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் ஜொவான்னி. அப்பா பியெத்ரோ பெர்னார்டோனே பிரான்ஸ் வரைக்கும் போய்த் துணி வியாபாரம் செய்தவர். அந்த நாட்டின் மேல் இருந்த பிரியத்தில் மகனை பிரான்சிஸ்கோ என்று கூப்பிட ஆரம்பித்தார் என்பார்கள். காசுக்குக் குறைவில்லை. நண்பர்கள், விருந்து, பாட்டு என்று போனது இளமை.

அந்தக் கால அசிசியில் மக்கள் இரண்டு பிரிவு. பிரபுக்குலத்தார் பெரியவர்கள். மற்றவர்கள், அவர்களில் வியாபாரிகளும் உண்டு, சிறியவர்கள். பிரான்சிஸ் குடும்பத்திடம் பணம் இருந்தது, பிரபுப் பட்டம் இல்லை. குதிரைப்படை வீரனாகி அந்தப் படியை ஏறிவிட வேண்டும் என்பது அவரது கனவு. 1202-ல் பக்கத்து நகரமான பெருஜியாவுடன் நடந்த சண்டையில் கலந்துகொண்டு பிடிபட்டார். ஏறத்தாழ ஒரு வருடம் சிறை. வெளியே வந்தபோது உடம்பு கெட்டிருந்தது. 1205-ல் மறுபடியும் போருக்குக் கிளம்பி, ஸ்பொலேத்தோ வரை போய்த் திரும்பிவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் திருப்பம். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளிகளிடம் போய் அவர்களுக்குப் பணிவிடை செய்தார். அதுவரை அவர்களைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பு. தன் மாற்றம் அங்கேதான் தொடங்கியது என்று சாகும் தறுவாயில் எழுதி வைத்த உயிலில் அவரே குறிப்பிடுகிறார். இடிந்து கிடந்த சான் தமியானோ கோவிலைச் சரிசெய்யப் பணம் வேண்டி அப்பாவின் துணியையும் குதிரையையும் ஃபொலிஞோ சந்தையில் விற்றார். அப்பா சும்மா இருப்பாரா? வழக்குப் போட்டார்.

நகர அதிகாரிகள் கூப்பிட்டபோது, தான் கடவுள் பணிக்கு வந்துவிட்டதால் தங்கள் அதிகாரம் செல்லாது என்றார் பிரான்சிஸ். விவகாரம் ஆயர் குய்தோவின் முன் வந்தது. 1206-ல் அந்தக் கூட்டத்தின் நடுவே போட்டிருந்த உடை உட்பட எல்லாவற்றையும் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு நின்றார். ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த காட்சி இது. அவர் அன்றைக்கு எந்த மடத்திலும் சேரவில்லை, குருமடத்துக்கும் போகவில்லை. தவம் செய்யும் ஒரு சாதாரண மனிதராகத் தெருவுக்கு வந்தார்.

பேரே சிறியவர்கள்

இரண்டு வருடத்தில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். பணக்காரரான குவிந்தவாலே பெர்னார்டு, சட்டம் தெரிந்த பீட்டர் கத்தானி, ஜைல்ஸ் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் பாதிரியார்கள் இல்லை. சில்வெஸ்டர் என்ற அசிசி பாதிரியார் வந்து சேர்ந்தபோதுதான் குழுவுக்கு முதல் பாதிரியார் கிடைத்தார்.

1209-ல் பன்னிரண்டு பேர் ரோமுக்கு நடந்து போய் போப் மூன்றாம் இன்னசென்டைப் பார்த்தார்கள். சும்மா போய்க் கேட்டதும் கிடைத்துவிடும் அனுமதி இல்லை அது. இதே மாதிரி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தெருவில் போதித்த இன்னொரு வியாபாரி, லியோன் நகரத்து வால்டோ. பாதிரியார் அல்லாதவர்கள் அனுமதி இல்லாமல் போதிக்கிறார்கள் என்று அவரது ஆட்களை 1184-லேயே திருச்சபை ஒதுக்கிவிட்டது. பிரான்சிஸ் கேட்டதும் கிட்டத்தட்ட அதே விஷயம்தான். இன்னசென்ட் வாய்மொழியாக ஒப்புதல் கொடுத்தார். வேத சாஸ்திரம் பேசக் கூடாது, மனம் திரும்பச் சொல்லி மக்களிடம் பேசலாம். அதுதான் எல்லைக் கோடு.

ஏன் இவருக்கு மட்டும் கிடைத்தது? ஒரு காரணம், பாதிரியார்கள் மேல் அவர் வைத்திருந்த மரியாதை. ஒரு பாதிரியார் ஒழுக்கம் கெட்டவராக இருந்தாலும் அவர் கையால் நற்கருணை கிடைக்கிறது என்பதற்காகவே வணங்குவேன் என்ற ரகம் அவர். பாதிரியார்களுக்கு எதிரான கலகக்காரராக அவரைக் காட்டும் நவீனக் கதைகள் இங்கேதான் இடறுகின்றன. அவர் குருப்பட்டம் பெறவே இல்லை என்பது உண்மை. திருத்தொண்டர் என்ற முந்தைய படியிலேயே நின்றுவிட்டார். 1223-ல் கிரெச்சியோ கிராமத்தில் அவர் நடத்திய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பூசையில்கூட பாதிரியார் வேறு ஒருவர். பிரான்சிஸ் நற்செய்தி வாசகத்தைப் பாடினார், பிரசங்கம் செய்தார். அதனால் ரொம்பக் கறாராகச் சொன்னால் அவரும் பொதுநிலையினர் அல்ல.

சபைக்கு அவர் வைத்த பெயரில் அவர் நினைத்தது தெரியும். அசிசியில் எந்தப் படியிலிருந்து ஏறித் தப்பிக்க நினைத்தாரோ அதே வார்த்தை: சிறிய சகோதரர்கள். மடாதிபதி, தலைவர் என்ற பட்டங்களையும் அவர் ஏற்கவில்லை. பொறுப்பில் இருப்பவருக்குப் பணியாளர் என்று அர்த்தம் தரும் பெயர். படித்த பாதிரியார் லத்தீனில் ஜெபப் புத்தகம் வாசிப்பார், எழுத்து தெரியாதவர் பரலோக மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். இரண்டும் ஒரே சபையின் ஜெபம். எல்லோரும் கையால் வேலை செய்ய வேண்டும்.

இது வெறும் ஆசை இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 1223 நவம்பர் 29-ல் போப் மூன்றாம் ஹொனோரியஸ் ஒப்புதல் கொடுத்த பிரான்சிஸ்கன் ஒழுங்கில் 12 அத்தியாயங்கள். அதில் ஏழாவது, பாவம் செய்த சகோதரரை எப்படி நடத்துவது என்பது பற்றி. பொறுப்பாளர் பாதிரியாராக இருந்தால் அவரே பரிகாரம் விதிக்கலாம், பாதிரியார் இல்லை என்றால் சபையின் வேறொரு பாதிரியார் மூலம் விதிக்க வேண்டும் என்கிறது. அதாவது பாதிரியார் அல்லாதவர் தலைவராக இருப்பது ரொம்ப இயல்பு என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட வரி. போப்பின் முத்திரையோடு வந்த இந்த வரிதான் பின்னாளில் வந்த எல்லா வாதங்களுக்கும் அடிப்படை.

வீட்டில் இருந்தபடியே

ஊர் ஊராகப் போய்ப் பேசியதில் இன்னொரு சிக்கல் வந்தது. கேட்டவர்களில் கல்யாணம் ஆனவர்கள், கடை வைத்திருப்பவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள் எல்லாம் சேர ஆசைப்பட்டார்கள். எல்லோரும் வீட்டை விட்டுக் கிளம்பினால் ஊர் என்ன ஆகும்?

வீட்டில் இருந்தபடியே தவ வாழ்க்கை வாழும் குழுக்கள் பிரான்சிஸுக்கு முன்பே இத்தாலியில் இருந்தன. அவரால் அதற்குப் புது வேகம் வந்தது. விசுவாசிகள் எல்லோருக்கும் என்று நீளமான கடிதமே எழுதினார். 1221-ல் இந்தக் குழுக்களுக்கான ஒழுங்கு ஒன்று உருவானது. பின்னாளில் இதுதான் மூன்றாம் சபை என்று அறியப்பட்டது. (சகோதரர்கள் முதல் சபை, புனித கிளாராவின் பெண் துறவிகள் இரண்டாம் சபை.)

அந்த 1221 ஒழுங்கைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். சாயம் போடாத மலிவுத் துணி, விரத நாட்கள், மாதம் ஒரு கூட்டம், உடம்பு முடியாத உறுப்பினரைப் போய்ப் பார்ப்பது வரைக்கும் எதிர்பார்த்ததுதான். கூடவே, சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உயில் எழுதிவிட வேண்டும். ஆயுதம் ஏந்தக் கூடாது. ஒருசில விதிவிலக்குகள் தவிர சத்தியப் பிரமாணம் செய்யக் கூடாது.

கடைசி இரண்டும்தான் நகர அதிகாரிகளின் கண்ணை உறுத்தின. அன்றைய இத்தாலிய நகரங்கள் ஒன்றோடொன்று ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. குடிமக்களைச் சத்தியம் வாங்கிப் படைக்கு இழுப்பதுதான் அரசியலின் அச்சாணி. திடீரென்று கொல்லரும் நெசவாளரும் எங்களால் முடியாது என்றால்? ஃபயென்ஸா நகரில் இவர்களைக் கட்டாயப்படுத்திய விவகாரம் போப் வரைக்கும் போய், இவர்களைப் பாதுகாக்கும்படி 1221 டிசம்பரில் ஹொனோரியஸ் எழுத வேண்டி வந்தது. பூசை வைக்காத, மடத்தில் வாழாத சாதாரண மக்கள் போரின் கணக்கையே கொஞ்சம் மாற்றினார்கள்.

அதே ஒழுங்கில், கல்யாணமான பெண் சேர வேண்டும் என்றால் கணவனின் சம்மதம் வேண்டும் என்றும் இருக்கிறது. ஆணுக்கு அப்படி ஒரு நிபந்தனை வைத்திருப்பதாகத் தெரியாது. அது அந்தக் காலம் என்று கடந்து போகலாம்தான். ஆனால் கிளாராவைப் பாருங்கள். 1212-ல் குருத்து ஞாயிறன்று இரவில் வீட்டை விட்டு வந்தவர், தன் சகோதரிகளுக்கான ஒழுங்கைத் தானே எழுதி அதற்கு ஒப்புதல் வாங்க 1253 ஆகஸ்ட் 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒப்புதல் வந்த இரண்டாவது நாள் இறந்துவிட்டார்.

தலைவர் பதவி வேண்டாம்

1219-ல் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த எகிப்துக்குப் போய் சுல்தான் அல் காமிலைச் சந்தித்துத் திரும்பினார் பிரான்சிஸ். வந்து பார்த்தால் சபைக்குள் குழப்பம். ஆட்கள் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தார்கள். 1220-ல் தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். பீட்டர் கத்தானி வந்தார், சில மாதங்களில் இறந்துபோனார். 1221-ல் அந்த இடத்துக்கு வந்த எலியாஸ் குருப்பட்டம் பெறாத சகோதரர்.

இதே சமயத்தில் சபையில் வேறு மாதிரி ஆட்களும் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் நம் ஊர்க்காரர்களுக்கு பிரான்சிஸைவிட நன்றாகத் தெரிந்தவர். உவரியிலும் புளியம்பட்டியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் கூட்டம் கூடுகிறதே, அதே பதுவை அந்தோணியார். லிஸ்பனில் பிறந்தவர், ஏற்கெனவே வேறொரு சபையில் இருந்து வேத சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர், 1220-ல் இங்கே வந்தார். சகோதரர்களுக்கு வேத சாஸ்திரம் சொல்லிக் கொடுக்க அந்தோணியாருக்கு பிரான்சிஸ் அனுமதி கொடுத்த சின்னக் கடிதம் ஒன்று உண்டு. படிப்பில் மூழ்கி ஜெப உணர்வை அணைத்துவிடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அந்தக் கதவு திறந்தபின், படித்த பாதிரியார்களின் சபையாக அது மாறுவதைத் தடுப்பது கஷ்டம்தான்.

பிரான்சிஸின் கடைசி வருடங்கள் வலி நிறைந்தவை. கண் பார்வை மங்கியது. 1224-ல் லா வெர்னா மலையில் ஐந்து காயங்கள் பெற்றார் என்பது நம்பிக்கை. சாவு நெருங்கியபோது ரோம் நகரத்து விதவை ஜாக்கோபாவை வரச் சொன்னார். இரண்டு பிள்ளைகளின் தாய், துறவி அல்ல. அவர் செய்து தரும் பாதாம் பலகாரம் பிரான்சிஸுக்குப் பிடிக்கும், அதையும் கொண்டுவந்தார். பெண்கள் நுழையக் கூடாத இடம். சகோதரர் ஜாக்கோபா என்று கூப்பிட்டு அந்த விதியைத் தாண்ட வைத்தார் பிரான்சிஸ். இன்று அசிசி பசிலிக்காவின் நிலவறையில், பிரான்சிஸின் கல்லறைக்கு எதிரில் இருக்கிறது ஜாக்கோபாவின் உடல்.

அப்புறம் என்ன நடந்தது?

1228-லேயே புனிதர் பட்டம் கொடுத்தார்கள். 1230-ல், பிரான்சிஸின் உயில் சபையைக் கட்டுப்படுத்தாது என்று போப் ஒன்பதாம் கிரகோரி அறிவித்தார். 1232-ல் எலியாஸ் மறுபடி தலைவர் ஆனார். பெரிய நிர்வாகி. ஆனால் ஒரு தடவைகூடப் பொதுப் பேரவையைக் கூட்டவில்லை. பொறுப்புகளில் பிரதர்களை நிறையப் பேரை உட்கார வைத்தார். பாரிஸிலும் இங்கிலாந்திலும் இருந்த படித்த பாதிரியார்கள் கொதித்தார்கள். 1239-ல் ரோமில் போப் முன்னிலையில் எலியாஸ் பதவி நீக்கப்பட்டார். அடுத்து வந்த பீசா நகரத்து ஆல்பர்ட், சபைக்குத் தலைவரான முதல் பாதிரியார் என்று அறியப்படுகிறார். அவருக்குப் பின் 1240-ல் வந்த ஃபேவர்ஷம் ஹேமோ காலத்தில் பிரதர்கள் பொறுப்புகளுக்கு வர முடியாது என்று ஆனது. புதிதாகப் பிரதர்களைச் சேர்ப்பதும் சுருக்கப்பட்டது.

எலியாஸின் எதேச்சாதிகாரத்துக்கு எல்லாப் பிரதர்களும் விலை கொடுத்தார்கள் என்பது ஒரு பக்கம். அதை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. ஆயர்களுக்கும் போப்புக்கும் படித்த போதகர்கள் தேவைப்பட்டார்கள். மக்களும் பாவசங்கீர்த்தனத்துக்கு பிரான்சிஸ்கன்களைத் தேடி வந்தார்கள், அதைக் கேட்கப் பாதிரியாரால்தான் முடியும். சபை வெற்றி பெற்றதே அதன் சமத்துவத்தைக் காலி செய்தது.

அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் பிரதர் என்றால் சமையல், தோட்டம், தையல், வாசல் காவல், பிச்சைக்குப் போவது. பல சபைகளில் தேர்தலில் ஓட்டுக்கூடக் கிடையாது. அந்த நிலையிலும் மக்கள் மனதில் நின்றவர்கள் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் ரோம் தெருக்களில் ஏறத்தாழ நாற்பது வருடம் மடத்துக்காகப் பிச்சை எடுத்த கப்புச்சின் பிரதர் பெலிக்ஸ், புனிதர் ஆனார்.

இப்போது எங்கே நிற்கிறது?

1965-ல் இரண்டாம் வாடிகன் சங்கம், பிரதர்களைச் சபையின் வாழ்க்கையோடு நெருக்கமாக இணைக்கச் சொன்னது. குருப்பட்டம் இல்லாத துறவறம் அதனளவில் முழுமையானது என்றும் சொன்னது. 1978-ல் மூன்றாம் சபைக்குப் புது ஒழுங்கு கிடைத்தது. அதன்படி குடும்பஸ்தர்கள் தங்கள் தலைவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள், பாதிரியாரின் வேலை ஆன்மிகத் துணை மட்டும். 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால், ஃபாதரும் பிரதரும் சமமாக இருக்கும் கலப்புச் சபைகளின் பிரச்சினையை ஆராயக் குழு அமைப்பதாக அறிவித்தார்.

ஆனால் 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 588-வது விதி அப்படியே இருக்கிறது. அதன்படி ஒரு சபை பாதிரியார் சபை அல்லது பொதுநிலையினர் சபை. பிரான்சிஸ்கன் சபைகள் முதல் பட்டியலில் இருக்கின்றன. பிரான்சிஸ் ஆரம்பித்தது இரண்டிலும் அடங்காது என்பதுதான் சபையினரின் வாதம்.

2022 உத்தரவு இந்த விதியை நீக்கவில்லை, அதில் இருந்து விலக்கு பெற ஒரு வழியைத் திறந்தது. ஒரு வீட்டுக்குப் பிரதர் பொறுப்பாளராக வேண்டும் என்றால் சபையின் உலகத் தலைவர் தன் ஆலோசகர்களின் சம்மதத்தோடு நியமித்துவிடலாம். மாநிலத் தலைவர், உலகத் தலைவர் போன்ற பெரிய பொறுப்பு என்றால் வாடிகனின் துறவறத் துறை எழுத்துப்பூர்வமாக அனுமதிக்க வேண்டும். சகோதரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் கடிதம் வந்தால்தான் பதவி. ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். உத்தரவுக்கு ஒப்புதல் கொடுத்தது, 2013-ல் அசிசிக்காரரின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்ட போப் பிரான்சிஸ். அவர் பிரான்சிஸ்கன் இல்லை, இயேசு சபைக்காரர்.

அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டிய அந்தத் துறைக்கு 2025 ஜனவரியில் அவர் ஒரு புதுத் தலைவரை நியமித்தார். வாடிகன் வரலாற்றிலேயே இப்படிப்பட்ட ஒரு துறையின் முதல் பெண் தலைவர், கொன்சொலாத்தா சபையைச் சேர்ந்த சிஸ்டர் சிமோனா பிராம்பில்லா. பிரதர் ஒருவர் பிரான்சிஸ்கன் மாநிலத் தலைவர் ஆகலாமா என்ற கோப்பு இப்போது போவது, குருப்பட்டம் இல்லாத அவரது மேசைக்குத்தான்.